இரு சுரத் தந்தியும் பக்கப்பட்டை வழக்கும்

குற்றாலத்திற்கு நீராட வருவோர் அருவியின் ஓசையைச் செவியிலும் சாரலின் குளிர்ச்சியை மேனியிலும் ஏந்திக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். அவ்வூர் வானத்தில் மெய்க்கும் கண்ணுக்கும் தோன்றாத வேறொரு சாரலும் இரவு பகலாய் வீழ்ந்துகொண்டிருக்கிறது என்பதை நினைப்பார் சிலரே. தென்காசியிலேனும் குற்றாலத்திலேனும் ஒரு வீட்டு மொட்டைமாடியில் இருபது முழக் கம்பி ஒன்றைக் கட்டி, அதனைத் தக்கதோர் சிற்றலைப் பெட்டியோடு இணைத்து, 14,080 கிலோஹெர்ட்ஸுக்குச் சிறிது மேலே மெல்ல மெல்லத் திருப்பிச் செல்வோமாயின், இரண்டு சுரங்கள் ஒன்றையொன்று துரத்துவனபோல் அதிவிரைவாய் மாறி மாறி ஒலிப்பதைக் கேட்கலாம். முதன்முறை கேட்பவர் அதனைப் பெட்டியின் பழுதென்பர், சிலர் சிள்வண்டென்பர். உண்மையில் அஃது எழுத்து. எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் தட்டச்சுப் பலகையில் விரல் வைக்கிறார். அவர் தட்டியவை யாவும் இரண்டே சுரங்களாகி, வான்வழி வந்து, நம் கணிப்பொறித் திரையில் மீண்டும் எழுத்தாகின்றன. இதற்கு ரேடியோ டெலிடைப் என்று பெயர். இதனைக் கையாளும் அமெச்சூர் வானொலியார் செல்லமாக 'ரிட்டி' என்பர். நாம் இக்கட்டுரையில் இதனை இரு சுரத் தந்தி என வழங்குவோம்.

இவ்விஷயத்தை நம் மலரின் தமிழ்ப் பகுதியில் எழுதப் புகுந்ததற்குக் காரணமுண்டு. பௌதிக வகுப்பில் பண்பேற்றம் பயிலும் மாணவர்கள் மேற் பக்கப்பட்டை, கீழ்ப் பக்கப்பட்டை என்பவற்றைச் சூத்திர அளவில் மனனம் செய்து, பரீட்சை எழுதி, பின்னர் மறந்துவிடுகின்றனர். அச்சூத்திரத்தில் ஒரு குறி மாறினால் என்ன நேரும் என்பதைக் காதாற் கேட்கவும் கண்ணாற் காணவும் இரு சுரத் தந்தியைப் போல வேறொரு சாதனம் இல்லை. மேலும், இதில் வழங்கும் 2125, 2295, 170 என்னும் எண்களைப் பலரும் யாரோ தம் மனம்போனபடி வைத்தவை என்று கருதி விடுகின்றனர். அது சரியன்று. ஒவ்வோர் எண்ணுக்கும் பூர்வோத்தரம் உண்டு. அதனை அறிந்தவர்க்கே செய்தி தலைகீழாகாமல் வந்து சேரும்.

முதலில் எழுத்து சுரமாகும் விதத்தைக் காண்போம். பிரான்ஸ் தேசத்துத் தந்தி ஊழியரான எமீல் போதோ என்பவர் 1874-ஆம் ஆண்டில் ஐந்தலகுக் குறியீட்டு முறைக்கு உரிமை பெற்றார். ஒவ்வோர் அலகும் இரண்டு நிலைகளுள் ஒன்றில் இருக்கும்; ஆகவே ஐந்தலகில் 32 சேர்க்கைகள் உண்டாம். நியூஸிலாந்தினரான டொனால்டு முர்ரே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைத் திருத்தியமைத்து, ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எழுத்துகளுக்குக் குறைந்த துளைகளைக் கொடுத்தார். காகித நாடாவில் துளையிட்டு அனுப்பிய காலத்தில் இதனால் யந்திரத்தின் தேய்மானம் குறைந்தது. 'ஈ' என்னும் ஆங்கில எழுத்துக்கும் 'டீ' என்னும் எழுத்துக்கும் ஒவ்வொரு துளையே. ஆங்கில எழுத்துகள் 26. இடைவெளி, வரித் திரும்பல், அடுத்த வரி, எழுத்து மாற்றி, இலக்க மாற்றி, வெற்றுக் குறி ஆகியன 6. ஆக 32 இடங்களும் நிரம்பிவிட்டன. எண்களுக்கு இடமில்லை. ஆதலின் இலக்க மாற்றியை அனுப்பினால் அதன்பின் வரும் குறிகளை எண்ணாகவும், எழுத்து மாற்றியை அனுப்பினால் மீண்டும் எழுத்தாகவும் கொள்வதென ஏற்பாடு செய்தனர். இந்தச் சிக்கனத்தின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

இடையே தமிழரென்ற முறையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. ஐந்தலகின் 32 இடங்களில் ஒன்றுதான் மிஞ்சும்! ஏதோ நமக்கென்றே அளந்து தைத்த சட்டை போலத் தோன்றும். ஆனால் சொல்லுக்குச் சொல் இடைவெளியும், வரி முடிவும், மாற்றிகளும் வைக்க இடமின்மையால் சட்டை தோளிற் பிடிக்கும். ஆகவே நம் நாட்டு அமெச்சூர்கள் ரிட்டியில் தமிழ் பேச விரும்பினால் ஆங்கில எழுத்தைக் கொண்டே எழுதுகின்றனர். 'மழை' என்பது 'மலை'யாய் மாறுவதும் உண்டு. குற்றாலத்திலிருந்து அனுப்பும் செய்தியில் இவ்விரண்டும் இடம் மாறினால் பொருள் கெடுவதோடு வேடிக்கையும் ஆம்.

இனி, ஓர் அலகின் இரண்டு நிலைகளுக்கு மார்க், ஸ்பேஸ் என்று பெயர். பழைய தந்திப் பதிவுக் கருவியில் கம்பியில் மின்னோட்டம் இருக்கும்போது எழுதுகோல் காகிதத்தில் அழுந்திக் குறியிடும். ஓட்டம் நின்றால் காகிதம் வெறுமையாய் நகரும். குறியிட்ட நிலை மார்க், வெறுமை ஸ்பேஸ். டெலிபிரிண்டர் சும்மா இருக்கும்போதும் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், அஃதாவது மார்க் நிலையிலேயே நிற்கும். ஓர் எழுத்து புறப்படுமுன் ஒரு ஸ்பேஸ் அலகு வந்து, 'இதோ எழுத்து வருகிறது' என்று கதவைத் தட்டும். அதன்பின் ஐந்து அலகு. முடிவில் சற்றே நீண்ட ஒரு மார்க். அமெச்சூர் வழக்கில் ஒவ்வோர் அலகும் 22 மில்லி விநாடி. இறுதி அலகு 31. ஓர் எழுத்துக்கு மொத்தம் 163 மில்லி விநாடி செல்லும். விநாடிக்கு ஆறெழுத்துக்குச் சிறிது மேல். நிமிஷத்துக்கு ஏறக்குறைய அறுபது சொல். அலகு வேகம் 45.45 பாட் என்பது இதுவே.

கம்பியில் ஓட்டம் உண்டு, இல்லை என்று இரண்டே நிலை போதும். வானொலியில் அது போதாது. அலை நின்றுவிட்ட அந்தச் சிறு வெறுமையில் மின்னலின் கடகடப்பு புகுந்துகொள்ளும். யந்திரம் அதனையே மார்க் என்று எண்ணி அச்சடிக்கும். தென்காசிப் பக்கத்துச் சித்திரை வைகாசிக் கோடையிடியையும் ஐப்பசி கார்த்திகை அடைமழையின் இடியையும் கேட்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனிமுதல் ஆவணிவரை குற்றாலத்தில் பெய்யும் சாரல் அவ்வளவு தொல்லை செய்வதன்று. இந்த இடரைத் தவிர்க்கவே, அலையை நிறுத்தாமல் எப்பொழுதும் அனுப்பிக்கொண்டிருந்து, மார்க்குக்கு ஓர் அதிர்வெண்ணும் ஸ்பேஸுக்கு அதனையடுத்த மற்றோர் அதிர்வெண்ணும் வைத்தனர். இரண்டில் எது பலமாயிருக்கிறது என்று பார்ப்பதொன்றே வாங்கும் கருவியின் வேலை. வெறுமை என்பதே இல்லாமற் போயிற்று.

இம்முறை நம் சீமைக்குப் புதிதன்று. திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் கட்டபொம்மன் நிலையம் 1990-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. 471 மீட்டர் உயர்ந்த கம்பத்தைக் கொண்ட அதன் வான்கம்பி, 18.2 கிலோஹெர்ட்ஸ் போன்ற மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி விடுக்கிறது. கடல்நீரைச் சிறிதளவேனும் துளைத்துச் செல்லவல்லது அத்தகைய நெட்டலையே. அங்கும் இரண்டு அதிர்வெண்களே மாறி மாறி வருகின்றன. ஆனால் அவற்றின் இடைவெளி அலகு வேகத்தில் சரிபாதி. நம் அமெச்சூர் ரிட்டியிலோ 45.45 வேகத்துக்கு 170 ஹெர்ட்ஸ் இடைவெளி, அஃதாவது ஏறக்குறைய மூன்றே முக்கால் மடங்கு. கடற்படையார் நெட்டலையின் குறுகிய இடத்தில் சிக்கனமாய் நடக்கின்றனர். நாம் சற்றுத் தாராளமாய்க் காலை அகற்றி நிற்கிறோம். குடும்பம் ஒன்றே.

இந்த 170 எங்கிருந்து வந்தது? கப்பலுமன்று, வானொலியுமன்று, நிலத்துத் தொலைபேசிக் கம்பியிலிருந்து வந்தது. ஒரே தொலைபேசிக் கம்பியில் பல தந்திகளை ஒருங்கே அனுப்பும்பொருட்டுப் பொறியாளர்கள் ஒவ்வொரு தந்திக்கும் ஒவ்வொரு சுரம் வைத்தனர். 425 ஹெர்ட்ஸில் தொடங்கி, 595, 765 என்று 170 படியாக ஏறிச் செல்லும் வரிசை அது. அவ்வெண்கள் யாவும் 85-இன் ஒற்றைப்படை மடங்குகள். ஒரு சுரத்தின் இரட்டிப்பு எப்பொழுதும் இரட்டைப்படை மடங்காதலின், அது வரிசையிலுள்ள வேறெந்தச் சுரத்தின்மீதும் விழாது. சங்கீதம் பயின்றவர் இதன் நயத்தை உணர்வர். 85-ஐ 25-ஆல் பெருக்கினால் 2125. 27-ஆல் பெருக்கினால் 2295. 35-ஆல் பெருக்கினால் 2975. தொடக்கத்தில் அமெச்சூர்கள் 2125, 2975 என்னும் சுரங்களை வைத்து 850 ஹெர்ட்ஸ் இடைவெளியில் வேலை செய்தனர். பின்னர் இடத்தைச் சுருக்கி 2125, 2295 என்று கொண்டனர். மார்க் 2125, ஸ்பேஸ் 2295. சுர அளவில் மார்க் தாழ்ந்தது என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்க. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

ஏனெனில் வான் அலையில் அமெச்சூர் வழக்கு இதற்கு நேர்மாறானது. அங்கே மார்க் உயர்ந்த அதிர்வெண். ஸ்பேஸ் அதற்கு 170 ஹெர்ட்ஸ் கீழே. சுரத்தில் தாழ்ந்தது வானில் உயர்ந்ததாவது எங்ஙனம்? இதற்கு விடை கூறுவதே பக்கப்பட்டை.

ஓர் ஊர்தி அலையின்மேல் ஒரு சுரத்தை ஏற்றினால் இரண்டு புதிய அலைகள் பிறக்கின்றன. ஒன்று ஊர்தியின் அதிர்வெண்ணோடு சுரத்தைக் கூட்டியது, மற்றொன்று கழித்தது. முன்னது மேற் பக்கப்பட்டை. பின்னது கீழ்ப் பக்கப்பட்டை. இரண்டிலும் ஒரே செய்தி இருப்பதால் ஒன்றை நீக்கிவிடலாம் என்பதை அமெரிக்கரான ஜான் கார்ஸன் 1915-இல் கண்டார். ஊர்தியையும் ஒரு பக்கத்தையும் நீக்கி மற்றொரு பக்கத்தை மட்டும் அனுப்புவதே இக்கால அமெச்சூர்களின் பேச்சு முறை. மேற்பக்கம் கரையில் நிற்கும் தென்னை. கீழ்ப்பக்கம் குளத்து நீரில் தோன்றும் அதன் நிழல். நீரில் பார்க்கும்போது அடிமரம் மேலே, குருத்து கீழே. உயர்ந்த சுரம் ஊர்தியிலிருந்து மிகுதியாகக் கழிக்கப்படுவதால் வானில் தாழ்ந்துவிடுகிறது. தாழ்ந்த சுரம் குறைவாகக் கழிக்கப்படுவதால் உயர நிற்கிறது.

எண்ணால் காட்டுவோம். குற்றாலத்து அமெச்சூர் ஒருவர் தம் பெட்டியை 14,085 கிலோஹெர்ட்ஸில் கீழ்ப் பக்கப்பட்டையில் வைத்திருக்கிறார் என்க. 2125 ஹெர்ட்ஸ் மார்க் சுரத்தை ஒலிவாங்கி வழியே செலுத்தினால் வானில் எழுவது 14,082.875. ஸ்பேஸ் சுரமான 2295-ஐச் செலுத்தினால் 14,082.705. மார்க் உயர்ந்தது, ஸ்பேஸ் 170 ஹெர்ட்ஸ் தாழ்ந்தது, வழக்குப்படி சரி. அதே பெட்டியை மேற் பக்கப்பட்டைக்குத் திருப்பினாலோ மார்க் 14,087.125, ஸ்பேஸ் 14,087.295. ஸ்பேஸ் மேலேறிவிட்டது, செய்தி தலைகீழ். நிலக்கம்பியார் வைத்த 'மார்க் தாழ்ந்த சுரம்' என்னும் வழக்கும், வானொலியார் வைத்த 'மார்க் உயர்ந்த அலை' என்னும் வழக்கும் ஒன்றோடொன்று சமாதானமாய் இருக்க இடங்கொடுப்பது கீழ்ப் பக்கப்பட்டை ஒன்றே. ரிட்டிக்கு எல்லா அலைவரிசையிலும் கீழ்ப்பக்கமே கொள்ளப்படும் காரணம் இதுதான்.

தலைகீழான ரிட்டியை வாங்குபவர் திரையில் என்ன காண்பார்? சோதனைக்காக அனுப்பும் 'ஆர் ஒய் ஆர் ஒய்' என்னும் தொடர் அமெச்சூர்கள் அறிந்ததே. ஆரின் ஐந்தலகில் இரண்டாவதும் நான்காவதும் மார்க். ஒய்யின் முதலாவதும் மூன்றாவதும் ஐந்தாவதும் மார்க். ஒன்றைப் புரட்டினால் மற்றது! ஆகவே தலைகீழாய் அனுப்பினாலும் ஒய் ஆர் என்று இடம் மாறி வரும், அவ்வளவே, என்று சிலர் வாதிப்பதுண்டு. அவர்கள் கதவு தட்டும் அலகை மறந்தனர். தொடக்க ஸ்பேஸ் மார்க்காகவும் இறுதி மார்க் ஸ்பேஸாகவும் மாறிவிடுவதால், எழுத்து எங்கே தொடங்குகிறது என்பதே யந்திரத்துக்குத் தெரியாது. விளைவது பொருளற்ற எழுத்துக் குவியல். அனுப்புபவர் சும்மா இருக்கும்போதும் தொல்லை ஓயாது. இடைவிடாத ஸ்பேஸ் வருவதாக எண்ணி, பழைய இரும்பு டெலிபிரிண்டர் ஓயாமல் கடகடவென்று சுழன்றுகொண்டிருக்கும். இதற்காகவே கணிப்பொறி நிரல்களில் 'ரிவர்ஸ்' என்றொரு பொத்தான் வைத்திருக்கின்றனர். அதனை அழுத்தியதும் குழம்பிய எழுத்துகள் தெளிந்த சொற்களாய் மாறுவது, முதன்முறை காண்போர்க்கு மாயாஜாலம் போன்றது.

இங்கே மற்றொரு வழக்கும் குறுக்கிடுகிறது. பேச்சு முறையில் 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே கீழ்ப்பக்கம், மேலே மேற்பக்கம் என்பது அமெச்சூர் உலகின் பொது வழக்கு. புதிதாக வருவோர் அவ்வழக்கை ரிட்டிக்கும் ஏற்றி, 14 மெகாஹெர்ட்ஸில் மேற்பக்கத்தில் நின்று, 'ஒருவரும் பதில் கூறவில்லையே' என்று வருந்துகின்றனர். பேச்சு வழக்கின் காரணத்தைக் கேட்டால் பெரும்பாலோர் ஒரு கதை சொல்வர். பழைய கருவிகளில் 9 மெகாஹெர்ட்ஸும் 5 மெகாஹெர்ட்ஸும் இருந்தன. கூட்டினால் 14, கழித்தால் 4. கழிக்கும்போது பக்கம் புரண்டுவிடும் என்பது கதை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது பாதி உண்மையே. பேச்சலை 9-இல் பிறந்து, அதிலிருந்து 5-ஐக் கழித்தால் பக்கம் புரளாது. பேச்சலை 5-இல் பிறந்து, அதனை 9-இலிருந்து கழித்தால் மட்டுமே புரளும். எது எதிலிருந்து கழிகிறது என்பதைக் கூறாமல் இக்கதையைச் சொல்வதில் பயனில்லை என்பது நம் அபிப்பிராயம். நிற்க, 2017-இல் வெளிவந்த எஃப்.டி.8 முதலிய புதுமுறைகள் எல்லா அலைவரிசையிலும் மேற்பக்கத்தையே கொண்டன. ஆகவே ஒரே மேசையில் இரண்டையும் வைத்திருப்பவர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போதெல்லாம் பக்கத்தை மாற்றக் கடமைப்பட்டவர்.

சுரத்தை ஒலிவாங்கி வழியே செலுத்தும் முறைக்கே இத்தொல்லையெல்லாம். வேறு சில பெட்டிகளில் கணிப்பொறி சுரமே எழுப்பாது. ஒரு மின்வழியைத் திறந்து மூடும். பெட்டி தானே அதிர்வெண்ணை 170 ஹெர்ட்ஸ் நகர்த்திக்கொள்ளும். அங்கே பக்கப்பட்டைப் பேச்சுக்கே இடமில்லை. ஆயினும் அதில் வேறொரு வலை விரித்திருக்கிறது. அவ்வகைப் பெட்டி சாதாரணமாக மார்க்கின் உண்மை அதிர்வெண்ணையே முகப்பிற் காட்டும். ஒலிவாங்கி வழியினரின் பெட்டியோ அனுப்பப்படாத ஊர்தியின் அதிர்வெண்ணைக் காட்டும். இரண்டுக்கும் 2.125 கிலோஹெர்ட்ஸ் வேற்றுமை. 'நான் 14,085-இல் இருக்கிறேன்' என்று இருவரும் உண்மையே கூறி, இருவரும் ஒருவரையொருவர் காணாமற் போகலாம். இதனைவிட வினையானது எல்லை மீறல். ஒருவர் 7,001 கிலோஹெர்ட்ஸ் என்று முகப்பில் கண்டு, அமெச்சூர்க்குரிய எல்லையான 7,000-க்கு மேலே பத்திரமாய் இருப்பதாக எண்ணிக் கீழ்ப்பக்கத்தில் அனுப்புகிறார். அவருடைய மார்க் உண்மையில் விழுவது 6,998.875-இல், பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியதாயிற்று. உரிமம் பெற்று 'வியூ' என்னும் குறியீடு தாங்கியவர் இதனை அறியேன் என்று தப்ப இயலாது.

ஐரோப்பிய அமெச்சூர் பலர் 2125-க்குப் பதிலாக 1275, 1445 என்னும் தாழ்சுரங்களைக் கொண்டனர். இவையும் 85-இன் 15 மடங்கும் 17 மடங்குமே. பேச்சுக்கென்று அமைந்த வடிகட்டி சுமார் 300 முதல் 2,700 ஹெர்ட்ஸ் வரையே விடும். அதன் விளிம்பில் 2295 நெருக்குண்டு நிற்கும், பழைய 2975 வெளியே தள்ளுண்டுபோம். தாழ்சுரம் நடுவில் இருப்பதால் இருபுறமும் காற்றோட்டம் உண்டு. ஆனால் உயர்சுரத்துக்கும் ஒரு நன்மையுண்டு. கணிப்பொறியின் ஒலியை அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் சுரத்தின் இரட்டிப்பும் கூடப் பிறக்கும். 2125-இன் இரட்டிப்பு 4250. வடிகட்டி அதனை விடாது. 1275-இன் இரட்டிப்பு 2550. அது நுழைந்து வெளியேறி அயலாரின் செய்தியைக் கெடுக்கும். எந்தச் சுரத்தைக் கொண்டாலும் வானில் வித்தியாசமில்லை என்பதையும் அறிக. முகப்பை 14,084.150-இல் வைத்து 1275-ஐ அனுப்பினாலும் மார்க் அதே 14,082.875-இல்தான் விழும். கேட்பவர் அனுப்புபவரின் சுரத்தைக் கேட்பதில்லை; தம் பெட்டி தமக்குப் படைத்துக்கொடுக்கும் சுரத்தையே கேட்கிறார்.

இதுவரை கூறியது எவ்வூர்க்கும் பொருந்தும். தென்காசிக்கே உரிய ஒன்று உண்டு. பூமியின் காந்தக் கோடுகள் தரைக்குச் சமமாய்க் கிடக்கும் காந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்கோடி வழியே செல்கிறது. 1963 நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதும், இந்தியப் புவிக்காந்தவியல் கழகத்தார் திருநெல்வேலியில் ஆய்வுக்கூடம் அமைத்ததும் இதனை முன்னிட்டே. மலைக்கு அப்பால் தும்பா, கிழக்கே திருநெல்வேலி, இடையே தென்காசி. இவ்வட்டாரத்து மேல்வானத்தில், சூரியன் அஸ்தமித்த சிறிது நேரத்தில், மின்னேறிய வளிமண்டல அடுக்கு சடுதியில் மேலெழும்பும். அதன் அடிப்புறம் நிலைகுலைந்து, கொதிக்கும் உலைநீரில் குமிழி கிளம்புவதுபோல் அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பும். பங்குனி சித்திரையிலும் புரட்டாசி ஐப்பசியிலும், சூரியக் கரும்புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் இது அதிகம். அவ்வழியே வரும் அலை விநாடிக்குப் பலமுறை நடுங்கித் துடிக்கும். 22 மில்லி விநாடி அலகுக்கு இத்துடிப்பு பெரும் பகை. நள்ளிரவில் தெளிவாய் வரும் அதே நிலையம் மாலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையே எழுத்துகளைச் சிதறவிடுவதைக் குற்றாலத்தில் நாம் பலகாலும் கண்டிருக்கிறோம். பெட்டியைக் குறை கூறுவதில் பயனில்லை.

சுரங்களின் இடைவெளியும் இங்கே கணக்குக்கு வருகிறது. ஒரே அலை இரண்டு வழியாய் வந்து சேரும்போது, வழிகளின் நீளம் வேறுபட்டால் ஓர் அதிர்வெண் வலுக்கவும் மற்றொன்று அழியவும் கூடும். 850 ஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள சுரங்களில் ஒன்று முற்றும் அழிய மற்றது முற்றும் வலுப்பதற்கு வழி வேற்றுமை ஏறக்குறைய 176 கிலோமீட்டர் போதும். 170 ஹெர்ட்ஸுக்கு 880 கிலோமீட்டர் வேண்டும். ஆகவே குறுகிய இடைவெளியில் இரு சுரங்களும் பெரும்பாலும் சேர்ந்தே வாழ்ந்து சேர்ந்தே மாளும். அகன்ற இடைவெளியில் ஒன்று மாண்டபோது மற்றது பிழைத்திருந்து செய்தியைக் காக்கும். பழைய அகலம் வீண் ஊதாரித்தனம் என்று இகழ்வோர் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

இலக்க மாற்றியைப் பின்னர்க் காண்போம் என்றோம். மாற்றிக் குறி ஒன்றே இடியில் அழிந்துவிட்டால் அதன்பின் வரும் எண்களெல்லாம் எழுத்தாய் அச்சாகும். எந்த எண் எந்த எழுத்தாகும் என்பதற்குத் தட்டச்சுப் பலகையைப் பார்த்தால் போதும். ஒவ்வோர் எண்ணுக்கும் அடியிலுள்ள எழுத்தே அது. ஐந்துக்கு 'டீ', ஒன்பதுக்கு 'ஓ'. அமெச்சூர்கள் பரிமாறும் 599 என்னும் மதிப்பெண் 'டீ ஓ ஓ' என்று வருவதைக் கண்டு அனுபவசாலிகள் நகைத்துவிட்டுச் சரியாய் எழுதிக்கொள்வர். போட்டியில் இது நகைப்பு, வெள்ளத்தில் நகைப்பன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென்மாவட்டங்களில் பெருமழை பெய்து, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவு பதிவாயிற்று. கைபேசித் தொடர்புகள் பலவிடத்தும் அறுந்தன. செந்தூர் விரைவு வண்டியின் பிரயாணிகள் நூற்றுக்கணக்கானோர் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டனர். 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் சடுதியாய்ப் பாய்ந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கவர்ந்தது. மலைமேல் பெய்யும் மழையின் அளவும், அடிவாரத்தில் தேவைப்படும் உணவுப் பொட்டலத்தின் எண்ணிக்கையும் எண்களே. '500' என்பது 'டீ பீ பீ' என்று வந்தால், பலகையின் வரிசையை அறிந்தவர் எண்ணை மீட்பார். அறியாதவர் பொருளற்ற எழுத்தென்று கிழித்தெறிவார். நம் நாட்டில் அரசாங்கத் தந்திச் சேவை 2013 ஜூலையோடு முடிந்துவிட்டது. இவ்வறிவைக் கையில் வைத்திருக்கும் தந்தி ஊழியர் ஊர்தோறும் இருந்த காலம் போயிற்று.

பல நிரல்களில், ஓர் இடைவெளி வந்ததும் வாங்கும் கருவி தானே எழுத்து நிலைக்குத் திரும்பும் ஏற்பாடும் உண்டு. சொற்களுக்கு இது காப்பு. ஒரு மாற்றி தவறினாலும் அடுத்த சொல்லில் எழுத்து நேராகிவிடும். ஆனால் இரண்டு எண்களுக்கு இடையே இடைவெளி விட்டு, மீண்டும் இலக்க மாற்றியை அனுப்பாமல் விடுவோர்க்கு இதுவே பொறி. ஆதலால் தேர்ந்தவர்கள் எண்களுக்கு இடையே இடைவெளிக்குப் பதிலாகச் சிறு கோடிட்டு, முக்கியமான எண்ணை இருமுறை அனுப்புகின்றனர்.

கேட்டுப் பழக விரும்பும் மாணவர்க்குச் செப்டம்பர் மாதத்துக் கடைசி முழு வார இறுதி நல்ல தருணம். அன்று உலகளாவிய ரிட்டிப் போட்டி நடைபெறும். 7 மெகாஹெர்ட்ஸிலும் 14 மெகாஹெர்ட்ஸிலும் நிலையங்கள் தோளோடு தோள் உரச நிற்கும். பெட்டியைக் கீழ்ப் பக்கப்பட்டையில் வைத்து, அதன் ஒலியைக் கணிப்பொறிக்குக் கொடுத்து, இலவசமாகக் கிடைக்கும் நிரல்களுள் ஒன்றில் மார்க் 2125, இடைவெளி 170, வேகம் 45.45 என்று குறித்து, திரையில் தோன்றும் இரட்டைக் கோடுகளின்மேல் நிரலின் அடையாளக் கோடுகள் பொருந்துமாறு மெல்லத் திருப்புக. கோடுகள் பொருந்தியும் எழுத்து குழம்பினால் முதலில் பக்கப்பட்டையையும், அடுத்து ரிவர்ஸ் பொத்தானையும் பார்க்க. புரட்டாசி மாதமாதலால் மாலை வேளையில் எழுத்துகள் சிதறும். ஒன்பதரை மணிக்குமேல் உட்காருதல் நலம்.